கடலடிக் கிணறும் காணா வேலையும்

(நம் சங்கத்தின் அரக்கோணம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆழ்கடல் எண்ணெய்க் கிணற்றிற்குச் சிமெண்டு இடும் முறையைப் பற்றி இன்று பேச முன்வந்தோம். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கலாம். பொறியியல் கற்ற நம் பிள்ளைகள் அத்தொழிலை நாடுவாராயின், அதன் இயல்பைப் பெற்றோரும் அறிதல் நலமன்றோ?

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றினின்றே தொடங்குவோம். மண் சரியாதிருக்கக் குழாய் இறக்குகிறோம். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள சந்தினை அடைக்காது விட்டால், மேற்படையின் தீய நீர் கீழிறங்கி நன்னீரைக் கெடுக்கும். தோல் பதனிடும் ஊர்களுக்கு அயலில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடற் கிணற்றிலோ தீங்கு கீழிருந்து மேலேறும். எரிவாயு அச்சந்து வழியே வாராமற் காப்பதே சிமெண்டு.

தோண்டுங்கால் துளையில் நிரம்பிய சேற்றுக் குழம்பின் பாரமே வாயுவை அடக்கி நிற்கும். பாரம் குறையின் வாயு உட்புகும். மிகின் பாறை பிளந்து குழம்பு ஓடிவிடும். ஆழ்கடலில் மேலே நெடுந்தூரம் பாறைக்குப் பதில் நீரே இருத்தலின், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவு மிகக் குறுகியது. 2013-ஆம் ஆண்டில் நம் கீழைக் கடலில் 3,165 மீட்டர் நீராழத்தில் ஒரு கிணறு தோண்டினர். காக்கிநாடாவுக்கு அப்பால் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 2024 ஜனவரி 7-இல் ஆழ்கடல் எண்ணெயை எடுக்கத் தொடங்கிற்று.

இக்குறுகிய அளவிற்குள் நிற்க ஒரு புது முறை உண்டு. துளையின் வாயை மூடி, குழம்பு திரும்பிவரும் வழியை ஒரு வால்வினால் நெருக்கியும் தளர்த்தியும் வேண்டும் அழுத்தத்தை மேலிருந்தே தருவர். பம்பு ஓடுங்கால் உராய்வினால் அழுத்தம் கூடும், நின்றால் குறையும். அக்குறைவை வால்வு ஈடு செய்யும். சிமெண்டு இறுகத் தொடங்கியதும் தன் பாரத்தை முற்றும் கீழே செலுத்தாது. வாயுவைத் தடுக்கும் வலிமையும் இன்னும் பெற்றிராது. அவ்விடைப்பொழுதே அபாயமானது. அது கழியுமளவும் அழுத்தத்தை விழிப்புடன் காத்தல் வேண்டும்.

காவாதார்க்கு நேர்ந்தது யாது? 2010 ஏப்ரல் 20-இல் மெக்ஸிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றில் சிமெண்டு வாயுவைத் தடுக்கவில்லை. சோதனையில் அழுத்தம் தோன்றியும் அதனை உறுதியெனக் கொண்டு, கனத்த சேற்றை நீக்கிக் கடல்நீரை நிரப்பினர். வாயு பொங்கித் தீப்பற்றிற்று. 11 பேர் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் கடலில் பாய்ந்தது.

இளைஞர்களே! சிமெண்டு மண்ணுக்குள் மறைந்திருப்பது. அதன் குறையை மேலதிகாரியும் காணார். சோதனை ஐயந்தரின், "பொறுங்கள், மீண்டும் பார்ப்போம்" என்று சொல்லும் துணிவே அங்கே உயிர் காப்பது. கண்ணுக்குத் தெரியாத வேலையையும் பழுதறச் செய்யும் பிள்ளைகளை நம் குலம் வளர்க்குமாக!