மலைப்பாதைக்கு ஏற்ற குதிரை

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில், மோட்டார் வண்டி வருவதற்கு முன், துரைமார் மலை பார்க்கச் சென்றது குதிரையில்தான். குதிரைக்காரன் பின்னே ஓடிவருவான். 1912 இல் இரயில் இரத்தினபுரியை எட்டிற்று. பின்னர் பாதைகள் அகன்றன. குதிரை லாயங்கள் வெறுமையாயின. எனினும் இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையே ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் இன்றும் உள்ளன. அவற்றிற் சவாரி செய்ய விரும்புவோர் எத்தகைய குதிரையைத் தேர்ந்துகொள்வது என்பதே இப்பேச்சின் பொருள்.

நம்மவர் குதிரை வாங்குமுன் சுழி பார்ப்பர். நெற்றிச் சுழி நன்று, இன்ன இடத்துச் சுழி குடிகெடுக்கும் என்றெல்லாம் கணக்கு உண்டு. மலைச்சரிவில் கால் வழுக்கும்போது எந்தச் சுழியும் துணைக்கு வருவதில்லை. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; விலை கொடுத்து வாங்கும் குதிரையைப் பல்லைப் பிடித்தே பார்க்க வேண்டும். ஐந்து வயதளவில் முன்பற்கள் யாவும் விழுந்து முளைத்துவிடும். அதற்கும் இளைய குதிரை மலைக்கு ஆகாது. எட்டு, பத்து வயதானது உத்தமம்.

உயரமான குதிரைதான் அழகு என்பர் சிலர். குறுகிய வளைவுகளில் திரும்புவதற்குப் பதினாற்கு கைப்பிடி, அதாவது ஐம்பத்தாறு அங்குல உயரமே போதும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற் சுமை ஏற்றலாகாது என்பது பொதுவிதி. 400 கிலோ எடையுள்ள குதிரை, ஆளும் சேணமுமாக 80 கிலோவைச் சுமக்கும். பருத்த மேனியர் இதனைச் சற்றே சிந்திக்க.

இனி, கால்கள். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஈரத்திலும் சாணத்திலும் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியிலுள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதி அழுகும். ஆதலால் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பதோடு நில்லாமல், முகர்ந்தும் பார்க்க வேண்டும். அழுகல் நாற்றம் கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லிவிடும். முன்னங்கால் முழங்காலில் தழும்பிருந்தால், அது இடறி விழுந்த குதிரையாக இருத்தல் கூடும். நனைந்த பாறையில் வழவழப்பான இரும்பு லாடம் சறுக்கும் என்பதையும் மறத்தலாகாது.

நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டின்றித் திரிகின்றன. அவற்றைக் கொணரலாமே என்று எவரேனும் எண்ணினால், அது தவறு. வறண்ட கடற்கரைத் தீவுக்குப் பழகிய அவை அங்கேயே இருக்க வேண்டியவை.

எல்லாவற்றிலும் முதன்மையானது குணம். ஏறிச் செல்பவர் விழுந்தால் அது அவரே தேடிக்கொண்ட துன்பம். கூடை நிறையக் கொழுந்துடன் எதிரே வரும் பெண்ணோ, பள்ளிக்குச் செல்லும் சிறுவனோ அக்குதிரையைத் தேர்ந்தவர்கள் அல்லர். ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள பாதையில் அவர்கள் ஒதுங்க இடமேது? பின்னே வருபவரை உதைக்கும் குதிரை எத்துணை விரைவாக ஓடினும் தோட்டத்துக்கு ஆகாது. லயத்து நாய் குரைத்தாலும், முச்சக்கர வண்டி உறுமினாலும், மழைக்குப் போர்த்திய படங்கு காற்றில் படபடத்தாலும், காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு நடையைத் தொடர வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். கூட்டத்தை விட்டுத் தனியே போகவும் வேண்டும். ஓடையைக் கண்டு தாவாமல், தலை தாழ்த்தி நீரைப் பார்த்து அடி வைக்கும் குதிரையே நல்லது. இறக்கத்தில் கடிவாளத்தைத் தளர்த்தினால் வேகம் கூட்டாமல், பின்னங்கால்களை உடலின் கீழே கொணர்ந்து மெல்ல இறங்கும்.

சோதனையைச் சமதரையில் நடத்திப் பயனில்லை. விற்பவர் முன்னதாகவே ஓட்டிக் களைக்கச் செய்து நிறுத்துவதும் உண்டு. ஆகவே, மழை பெய்த மறுநாட் காலையில், சேணம் பூட்டுமுன் லாயத்துக்குச் சென்றுவிட வேண்டும். பூட்டும்போது கடிக்கிறதா, வாரை இறுக்கும்போது சினக்கிறதா என்று பார்த்தபின், முதலில் விற்பவரையே ஏறி அருகிலுள்ள சரிவில் இறங்கச் சொல்ல வேண்டும். அவர் தயங்குவாராயின், விலை கேட்கவும் வேண்டியதில்லை.