ஆற்றுப் படுகை மணலும் நமது பயிர்நிலமும்



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் ஆற்றுப் படுகைகளில் காணப்படும் மணற்பாங்கான நிலம். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். லிங்கி, மலாக்கா, கெசாங் ஆகிய ஆறுகளின் ஓரத்தில் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ பயிரிட்டு வருவோர் அப்படி எண்ணமாட்டார்கள். மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போட்டும் செடி வெளிறி நிற்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

விடை காண, நம் முன்னோர் விட்டுவந்த ஓர் ஆற்றங்கரைக்கு முதலில் செல்வோம். மலாயாத் தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் வந்த மாவட்டங்களுள் வட ஆற்காடும் ஒன்று. அதன் நடுவே ஓடுவது பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்று வங்கக் கடலில் கலக்கிறது. ஓடுகிறது என்று நாம் சொன்னாலும், ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே தண்ணீரைக் காண முடியாது, மணலைத்தான் காணலாம்.

அந்த மணல் எப்படி வந்தது? வெள்ளம் வரும்போது ஆறு தன்னோடு கல், மணல், வண்டல், களி யாவற்றையும் சுமந்து வருகிறது. கரை வழிந்து பரவியதும் அதன் வேகம் குறைகிறது. கனமான மணல் கரையை ஒட்டியே முதலில் இறங்கிவிடுகிறது. மென்மையான வண்டல் சற்றுத் தள்ளிப் படிகிறது. களி, நீர் தேங்கும் தொலைதூரப் பள்ளத்தில் மெதுவாக அமர்கிறது. ஆகவேதான் ஒரே வயலில் ஆற்றோரப் பகுதி மணலாகவும் மறுகோடி களியாகவும் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் ஒவ்வொன்றும் பழைய படிவின் மேல் புதிய படிவொன்றை விரித்துவிட்டுப் போகும். படுகையில் குழி தோண்டினால், மணலும் வண்டலும் அடுக்கடுக்காக மாறி மாறி வருவதைப் பார்க்கலாம்.

மணல் துகள் பெரியது. களித் துகளோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியது. பெரிய துகள்களுக்கிடையே பெரிய இடைவெளி இருப்பதால், பெய்த நீர் உடனே கீழே இறங்கிவிடும். உரச்சத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் தன்மையும் மணலுக்கு மிகக் குறைவு. அந்த வேலையைச் செய்பவை களியும் மக்கிய இலைதழையுமே.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழமுள்ள மணல் நிலம், செடி உறிஞ்சத்தக்க நீரை ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் அளவே தேக்கி வைக்கும். நல்ல கலப்பு மண் 140 மில்லிமீட்டர் வைக்கும். கீரை, கத்தரி போன்றவற்றின் வேர் 30 சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொண்டால், மணலில் அதற்குக் கிடைப்பது 18 மில்லிமீட்டர் நீர். வெயில் நாளில் செடியும் நிலமுமாக நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் செலவாகும். நான்காம் நாள் செடி தலைசாய்ந்துவிடும். கலப்பு மண்ணிலோ எட்டு நாள் தாங்கும்.

இவ்வளவு குறையுள்ள மணலை வறண்ட நாட்டார் வெறுத்தார்களா என்றால், இல்லை. அங்கேதான் வியப்பு இருக்கிறது. வறண்ட நிலத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். களிமண்ணில் அது நாலு அங்குல ஆழத்திலேயே நின்று, இரண்டொரு வாரத்து வெயிலில் ஆவியாகிப் போகும். மணலிலோ ஓரடிக்கு மேல் இறங்கிவிடும். மேல்மணல் விரைவில் காய்ந்து ஒரு மூடியைப் போல் அமைந்து, அடியிலுள்ள ஈரத்தைக் காக்கும். இஸ்ரேல் நாட்டு அறிஞர் நோய்-மெய்ர் 1973-இல் இதனை எடுத்துரைத்தார்: ஆண்டு மழை 300 முதல் 500 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடங்களில் களியைக் காட்டிலும் மணலில்தான் புல்லும் புதரும் செழிக்கும், அதற்கு மேற்பட்ட மழையுள்ள இடங்களில் நிலைமை தலைகீழாகும். வறண்ட மேய்ச்சல் நிலங்களில், கோடை முற்றிய பின்னும் மணற்பாங்கான இடத்தில் ஆழவேர்ப் புல் பசுமையாய் நிற்பதன் காரணம் இதுவே.

பாலாற்றுப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை உண்டு. எனினும் அது ஒரு சில மாதங்களில் கொட்டி முடிந்துவிடுகிறது. பிறகு நீண்ட கோடை. அந்தக் கோடையைக் கடக்க மக்கள் நம்பியது ஆற்று மணலின் அடியில் மறைந்திருந்த நீரையே. மணலில் நீண்ட கால்வாய் தோண்டி, ஊறி வரும் நீரை வயலுக்குக் கொண்டுசென்றார்கள். ஊற்றுக்கால் என்பது அதன் பெயர். எந்திரமின்றி, எண்ணெயின்றி நடந்த பாசனம் அது! கரையோரத்து மேட்டு நிலத்தில் வேர்க்கடலை விளைந்தது. காய்ந்த புல்லை ஆடுமாடுகள் மேய்ந்து, சாணத்தை நிலத்திற்கே திருப்பித் தந்தன.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் கேடு வந்தது. கட்டடத் தொழிலுக்காக மணலை அள்ளிச் செல்லச் செல்ல, நீரைத் தேக்கிய கலமே குறைந்துபோயிற்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு மற்றொரு கேடு. நீரை விரைவாக உட்கொள்ளும் மணல் நஞ்சையும் விரைவாக உட்கொள்ளும். வடிகட்டித் தடுக்கக் களி அங்கே இல்லை. 1996 ஆகஸ்டில் இந்திய உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தோல் ஆலை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதாகக் குறிக்கப்பட்டுள்ளது. கிணற்று நீர் கெட்ட பின் ஊற்றுக்காலைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். மலாக்காவின் மேட்டு நிலம் பெரும்பாலும் செந்நிறமானது. இரும்புச் சத்து இறுகிய சரளைக் கற்கள் கலந்த ஒரு மண் வகைக்கு, மண்ணியலார் 'மலாக்கா வரிசை' என்றே பெயர் வைத்துள்ளனர். செயிண்ட் பால் குன்றின் மேலுள்ள பழைய தேவாலயச் சுவர்களில் அந்தச் செம்புரைக் கல்லை இன்றும் பார்க்கலாம். இம்மாநிலத்தில் முன்பு மரவள்ளி பயிரிட்டு நிலத்தைச் சக்கையாக்கினார்கள். 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதும் வேறு கதை தொடங்கிற்று. அந்த மேட்டு மண்ணை நீங்கள் அறிவீர்கள். ஆற்றோர மணல் அதனின்று வேறானது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனவே பாலாற்றங்கரையில் நன்மை செய்த குணமே இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. ஒரே மாலையில் 60 மில்லிமீட்டர் மழை கொட்டினால், காலையில் நீங்கள் தூவிய உரத்தின் பெரும்பகுதி வேருக்கு எட்டாத ஆழத்திற்குப் போய்விடும். நீங்கள் உரமிட்டது செடிக்கன்று, ஆற்றுக்கு! அதே நிலம், பிப்ரவரியில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் நாட்களில், ஒரு வாரம் மழை பொய்த்தாலும் வாடிவிடும். நம் நாட்டில் வறட்சி வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1991-இல் டுரியான் துங்கால் அணையே வற்றிப்போனதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகையால் மணல் நிலத்தில் உரத்தை ஒரே தடவையில் போடுவது வீண். அதே அளவை நான்கு பங்காக்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் இடுங்கள். கருமேகம் சூழ்ந்த நாளில் இடாதீர்கள். அதைவிட முக்கியமானது இலைதழை. மாட்டுச் சாணம், காய்ந்த புல், செம்பனைக் குலையின் சக்கை எது கிடைத்தாலும் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். இதைப் பெருக்கித் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் நம் குடியிருப்புகளில் இன்னும் இருப்பது வருந்தத்தக்கது. வெப்ப நாட்டில் இலைதழை விரைவில் மக்கி மறைந்துவிடுமாதலால், ஆண்டுதோறும் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். தோட்டத்தில் இளம் ரப்பருக்கு இடையே புயரேரியா, கலப்போகோனியம் கொடிகளை வளர்ப்பதும் இதற்காகத்தான். அவை நிலத்தை மூடுவதோடு காற்றிலுள்ள தழைச்சத்தையும் வேர் முடிச்சுகளில் சேர்க்கின்றன. சிறு நிலத்தில் அதே வேலையை வேர்க்கடலையும் காராமணியும் செய்யும். சர்க்கரைவள்ளியும் மணலில் நன்றாகக் கிழங்கு வைக்கும்.

மருந்து தெளிக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். கருவியை ஆற்றோர மணலில் கழுவி ஊற்றாதீர்கள். அருகில் கிணறு இருந்தால் அந்த நீர் அங்கே போய்ச் சேர நெடுநாள் ஆகாது.

உங்கள் நிலம் எத்தகையது என்றறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மேல்மண்ணை விலக்கி, ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் நீரைக் கலக்கி வைத்திருப்பது களி. வெளிப்புறத்தில் கோடிட்டு அளந்து பாருங்கள். படிந்ததில் முக்கால் பங்குக்கு மேல் மணலானால், அடுத்த உர மூட்டையைப் பிரிக்குமுன் அந்தப் போத்தலை விவசாய இலாகா அதிகாரியிடம் காட்டி, எவ்வளவு, எத்தனை தவணையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.