நாம் போகாவிட்டாலும் நடக்கிற வேலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் காலடிப்பேட்டைக்காரன். எங்க கடற்கரையில் மணலைவிடக் கருங்கல்தான் அதிகம். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது; வடக்கே கடல் அரித்தது. தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். கல்லில் ஆமை முட்டையிடாது. அதனால் பங்குனி ஆமையைப் பார்க்க, மகளைக் கூட்டிக்கொண்டு நீலாங்கரைப் பக்கம் போனேன்.

சென்னையில் ஆமை தேடி இரவில் நடப்பது 1970களிலேயே தொடங்கியது. 1988 முதல் மாணவர்களே அமைப்பு வைத்து நடக்கிறார்கள். நாய்கள் தோண்டுவதற்கு முன் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாளுக்குப் பிறகு குஞ்சுகள் வெளிவரும்.

அன்றைக்கு இருட்டியதும் குஞ்சுகளை விட்டார்கள். நான் செல்போன் லைட்டைப் போட்டுப் படம் எடுத்தேன். தொண்டு செய்ய வந்த ஒரு பையன், "சார், அணைச்சிடுங்க. குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போகும்" என்றான். "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். குனிந்து பார்த்தால், ஒரு குஞ்சு கடலை விட்டுவிட்டு என் செருப்பை நோக்கி வருகிறது! மகள் போனைப் பிடுங்கி அணைத்தாள். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

அதிலிருந்து எங்கே போனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: நாம் வராவிட்டாலும் இந்த வேலை நடக்குமா? யானைச் சவாரி நமக்காக நடப்பது. தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகளில் சிங்கக்குட்டிக்குப் பால் புகட்ட, பணம் கட்டித் 'தொண்டர்கள்' போகிறார்கள். அவர்களுக்காகவே குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். இதற்குப் பெயர் தொண்டா?

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. கரையோரம் 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது விதி. நாற்றம் எடுத்த ஆமையோடு போட்டோ எடுக்க யார் வருவார்கள்? ராத்திரியில் நடக்கிற பிள்ளைகள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு கணக்கெடுத்தார்கள்.

மாணவச் செல்வங்களே, அவசியம் போங்க. ஒரு நாள் வேடிக்கை பார்க்க அல்ல. ஒரு சீசன் முழுக்க நடக்கப் போங்க.

இன்னொன்று. அந்தப் பையனின் சட்டையில் நம்ம கல்லூரிப் பெயர் இருந்தது. இந்த அரங்கில் இருந்தால், தம்பி, மன்னிச்சிடுப்பா.