அனுமதிச் சீட்டும் உறுப்பினர் உரிமையும்

(ஆலய உறுப்பினர் கூட்டத்தில், முன்பதிவுப் பொறுப்பேற்ற தொண்டூழியர் ஆற்றிய உரை)

 

இறைவனைக் காண முன்பதிவா என்று பலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தை எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்றின் காரணமாக, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரையிலான பாத ஊர்வலம் அவ்வாண்டு நடைபெறவில்லை. ஆலயத்தினுள் செல்ல இணையவழி முன்பதிவு தேவைப்பட்டது. 2023ஆம் ஆண்டில் ஊர்வலம் மீண்டும் நடைபெற்றது. ஆயினும், இடம் குறைவான நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு செய்யும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது.

சென்ற ஆண்டு நம் ஆலய யாகத்தின்போது வாசலில் பட்டியலுடன் நின்றவன் அடியேன். பல்லாண்டுகளாகச் சுவாமிக்குப் பூத்தொடுத்து வரும் மூதாட்டி ஒருவர், உறுப்பினர் அட்டையைக் காட்டினார். "பட்டியலில் பெயர் இல்லையே, அம்மா" என்றேன். "சாமிக்குத் தெரியும், தம்பி" என்று கூறி, பூக்கூடையை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிச் சென்றார். உள்ளே சென்று பார்த்தால், ஒரே குடும்பத்தின் பெயரில் பதிவான 12 இருக்கைகளில் ஏழு காலியாக இருந்தன. பட்டியல் சரியாகத்தான் இருந்தது. நம் ஏற்பாடுதான் பிழையானது.

உறுப்பினர் உரிமை வேறு, அனுமதிச் சீட்டு வேறு. முன்னது சந்தா செலுத்திப் பெறுவது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் பொறுப்பைத் தருவது. பின்னது ஒருவருக்கு, ஒரு நாளில், ஒரு நேரத்தில் இடமளிப்பது. உறுப்பினர் என்பதற்காகத் தரிசனத்தில் முன்னுரிமை கோருதல் கூடாது. சந்தா நிலுவை என்பதற்காக எவருக்கும் அனுமதிச் சீட்டை மறுத்தலும் கூடாது. ஆகவே, இவ்விரு பதிவேடுகளையும் கணினியில் தனித்தனியே வைத்துள்ளோம்.

இவ்வாண்டு நிர்வாகக் குழு மேலும் சில மாற்றங்களை ஏற்றுக்கொண்டுள்ளது. ஒரு கைப்பேசி எண்ணுக்கு நான்கு இடங்களே வழங்கப்படும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக வரும் குறுஞ்செய்திக்கு மறுமொழி அளித்து வருகையை உறுதிசெய்தல் வேண்டும். உறுதிசெய்யாத இடங்கள், காத்திருப்போருக்குப் பதிவு வரிசைப்படி செல்லும். ஐந்தில் ஒரு பங்கு இடங்கள் இணையத்தில் ஏறா. கைப்பேசி பயன்படுத்தாத முதியோர் அவற்றை ஆலய அலுவலகத்தில் தாள் சீட்டாகப் பெறலாம்.

அடையாள அட்டை எண்ணை நாம் கேட்பதில்லை. தேவையின்றி அதனைத் திரட்டுதல் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பிலுள்ள விதி. பெயரும் தொடர்பு எண்ணும் போதும். விழா முடிந்ததும் அவையும் நீக்கப்படும்.

அன்பர்களே, வர இயலாவிடில் தயைகூர்ந்து முன்கூட்டியே இடத்தை விட்டுக்கொடுங்கள். நீங்கள் விடும் ஓர் இருக்கை, வாசலில் நிற்கும் இன்னொருவருக்குத் திருக்கதவாகும். அந்த மூதாட்டியின் இல்லம் சென்று, இவ்வாண்டின் முதல் தாள் சீட்டை அடியேனே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வாசலில் நின்று அவரை வரவேற்கும் பேற்றையும் எல்லாம்வல்ல இறைவன் அருள்வாராக.