தரைக்கு அடியில் ஒரு பாசனம்



மதுராந்தகத்துக்காரன் ஒருவன் வீட்டுத் தரையைச் சூடாக்கும் வழியைப் பற்றிப் பேச வந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். சித்திரை வெயிலில் நம்மூர் முற்றத்தில் வெறுங்காலுடன் நின்றவர்க்கு அந்தப் பாடம் வேண்டுவதில்லை. ஆயினும் உலகம் முழுவதும் மதுராந்தகம் அன்று. என் மகன் கனடாவில், டொராண்டோ நகருக்கு அருகே ஒரு வீடு கட்டினான். அங்கே தை மாதத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும் நாள்கள் உண்டு. ஆகவே தரைக்குள் வெந்நீர்க் குழாய்களைப் பதிப்பதென்று முடிவு செய்து, அதன் வரைபடத்தை எனக்கு அனுப்பினான். அதை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போட்ட கணக்கே இன்றைய பேச்சு.

இந்தக் கருத்து பழமையானது. ரோமானியர் தரையைச் சிறு தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் அடுப்பின் வெப்பக் காற்றைச் செலுத்தினர். கொரியர் சமையலடுப்பின் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டு, அதன்மேல் படுத்துறங்கினர். அதற்கு ‘ஒண்டோல்’ என்று பெயர். கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், 1937இல் அமெரிக்காவின் மாடிசன் நகரில் கட்டிய வீட்டில், காங்கிரீட் தளத்துக்கு அடியில் குழாய்களைப் பதித்தார். இன்று புகைக்குப் பதிலாக 35 முதல் 45 டிகிரி வரை சூடான நீர் பாலித்தீன் குழாய்களில் ஓடுகிறது. தரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வர்; மேற்பட்டால் காலுக்கு இதமாக இராது.

கொதிகலனிலிருந்து வரும் நீரைப் பம்பு ஒரு பகிர்வுக் குழாய்க்குத் தள்ளும். மேனிஃபோல்டு என்பது இதுதான். அதிலிருந்து அறைக்கு ஒன்றாகவோ இரண்டாகவோ சுற்றுகள் பிரிந்து சென்று, வெப்பத்தைத் தரைக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் அவ்விடத்துக்கே திரும்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி வால்வு உண்டு.

இதைக் கண்டதும் எனக்கு எங்கள் ஏரி நினைவுக்கு வந்தது. ஏரிக்கரையைக் காத்தவர் இராமபிரான் என்பது எங்களூரார் நம்பிக்கை. கோயிலுக்கும் ‘ஏரி காத்த இராமர்’ என்றே பெயர். ஆனால் மதகு வழியே வெளிவந்த நீரைப் பங்கிடுவது மனிதன் வேலை. நான் சிறுவனாக இருந்தபோது, நீர்க்கட்டி மண்வெட்டியுடன் வாய்க்கால் ஓரம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தலைமடைக்காரன் மடையை அவர் அளவாக அடைக்காவிட்டால், கடைமடைக்காரன் பயிர் வாடும். நீருக்கு நீதி தெரியாது. எளிய வழியே அதற்குத் தெரியும். குழாயிலும் அப்படித்தான். நீளம் கூடினால் உராய்வு கூடும். குட்டையான சுற்றில் நீர் விரைந்தோடும், நெடிய சுற்றில் தயங்கும். பக்க இணைப்பில் உள்ள மின்தடைகளைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

வரைபடத்தில் ஐந்து சுற்றுகள் இருந்தன. நான்கு, 60 அல்லது 70 மீட்டர் நீளமுடையவை. ஐந்தாவது, வடமூலையில் உள்ள அறைக்கு உரியது. அது யார் அறை தெரியுமா? குளிர்காலத்தில் அங்கே தங்கவேண்டிய என் மனைவியின் அறை. அவளுக்கு மூட்டுவலி. அறை 5 மீட்டருக்கு 4 மீட்டர். பரப்பு 20 சதுர மீட்டர். குழாய்களின் இடைவெளி 15 சென்டிமீட்டர். 20ஐ 0.15ஆல் வகுத்தால் 133 மீட்டர். பகிர்வுக் குழாயோ வீட்டின் எதிர்மூலையில், 9 மீட்டர் தொலைவில். போக வர 18 மீட்டரைக் கூட்டினால் 151 மீட்டர்! இவ்வகை 16 மில்லிமீட்டர் குழாயில் ஒரு சுற்று 100 மீட்டருக்கு மேற்படாதிருப்பதே நல்ல முறை. வீட்டிலேயே குளிர் மிகுந்த அறை கடைமடையாகிவிட்டது.

“அப்பா, வால்வைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார்களே” என்றான் மகன்.

“வால்வு நீர்க்கட்டியைப் போன்றது. சிறு வேற்றுமையைச் சரிசெய்யும். வாய்க்காலையே தவறாக வெட்டிவிட்டால் நீர்க்கட்டி என்ன செய்வார்? மற்ற நான்கையும் நெரித்தால் பம்புக்குத்தான் பாரம்” என்றேன்.

அந்த அறையை இரண்டு சுற்றுகளாகப் பிரித்தோம். பகிர்வுக் குழாயை வீட்டின் நடுவே, மாடிப்படியின் அடிக்கு மாற்றினோம். தொலைவு 4 மீட்டராயிற்று. இப்போது ஒவ்வொரு சுற்றும் 67உடன் 8 சேர்ந்து 75 மீட்டர். மற்றவற்றோடு ஏறக்குறைய ஒத்துவிட்டது.

பதிக்கும் வடிவத்தையும் மாற்றினோம். பாம்பு போல வளைத்து வளைத்துப் போட்டால் அறையின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் ஆறியும் இருக்கும். சங்குச் சுழி போல உள்ளே சென்று, போன தடத்தை ஒட்டியே திரும்பவேண்டும். 40 டிகிரியில் புகும் நீர் 32 டிகிரியில் திரும்புகிறது என்று கொள்வோம். அறை வாயிலில் 40ம் 32ம் அடுத்தடுத்து இருக்கும், சராசரி 36. பாதி வழியில் 38ம் 34ம், அங்கும் 36. எவ்வளவு அழகிய கணக்கு!

குழாய்களுக்குக் கீழே வெப்பத்தைக் கடத்தாத பலகை விரிக்கவேண்டும். இல்லையேல் மண்ணைத்தான் சூடாக்குவோம். காங்கிரீட்டுக்குள் இணைப்பு கூடாது. ஒரு சுற்றுக்கு ஒரே குழாய். அழுத்தச் சோதனை செய்து, அழுத்தம் குறையவில்லை என்று கண்ட பிறகே காங்கிரீட் ஊற்றவேண்டும். வயலில் தவறாக வெட்டிய வாய்க்காலை மறுநாள் மாற்றலாம். காங்கிரீட்டில் புதைத்ததை மாற்றத் தரையையே உடைக்கவேண்டும். ஆகவே திருத்தமெல்லாம் காகிதத்திலேயே முடியவேண்டும்.

குளிர்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். வெந்நீருக்குப் பதில் குளிர்நீரை ஓடவிட்டால் இதே அமைப்பு அறையைக் குளிர்விக்கும். ஐதராபாத்தில் இன்போசிஸ் நிறுவனம் 2011இல் கட்டி முடித்த கட்டடத்தில் ஒரு பாதியை வழக்கமான குளிர்காற்று முறையிலும், மறுபாதியைத் தளத்தில் பதித்த குளிர்நீர்க் குழாய்களாலும் குளிர்வித்து ஒப்பிட்டனர். குழாய்ப் பகுதிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகச் செலவாயிற்று. நம் கடற்கரைப் பக்கத்தில் காற்றில் ஈரம் மிகுதி. ஈரத்தை நீக்காமல் தரையைக் குளிர்வித்தால், குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் போலத் தரை வியர்த்துவிடும். அதற்கு வழி காண்பது உங்கள் தலைமுறையின் வேலை.

அந்த வீட்டில் முதல் குளிர்காலத்தைக் கழித்த என் மனைவி தொலைபேசியில் பேசினாள். கணக்கைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் சில்லென்று இல்லை” என்றாள். எனக்கு அது போதும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று மாலை உங்கள் வகுப்பறையை அளந்து, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் எத்தனை மீட்டர் குழாய் வேண்டும், எத்தனை சுற்றுகளாகப் பிரிக்கவேண்டும் என்று கணக்கிடுங்கள். கடைசி மூலையில் உட்காருகிறவனுக்கும் பங்கு சரியாகப் போகிறதா என்று பாருங்கள்.