நெய்தல் முற்றம்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'நெய்தல்' பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இரங்கலும் கழியும் கானலும் இம்மேடையில் பலமுறை பேசப்பட்டுவிட்டன. ஆகவே இன்று கடலுக்கு முதுகு காட்டி நின்று, கடற்கரை வீட்டின் முற்றத்தையும் புறவாசலையும் பார்க்க விரும்புகிறேன்.

நற்றிணையின் 172ஆம் பாடலை நீங்கள் அறிவீர்கள். சிறுமியர் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. அதை நெய் கலந்த பாலூட்டி வளர்க்கிறார்கள். இம்மரம் உங்கள் உடன்பிறந்தாள் என்கிறாள் தாய். அதனால் தலைவி அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகிறாள். உரையாசிரியர்கள் நாணத்தையே விரித்துரைப்பர். எனக்கோ, உப்புக் காற்று வீசும் மணலில் ஒரு செடியைப் பிழைக்க வைத்த அந்தக் கைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அது எளிய செயலன்று என்பதை மணப்பாட்டில் கண்டேன்.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சிற்றூர். கடலுள் நீண்ட மணற்குன்று, அதன்மேல் திருச்சிலுவை ஆலயம், 1542இல் தென்கரைக்கு வந்த தூய சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகை ஆகியவை காணப் பயணிகள் வருவர். அவர்கள் பெரும்பாலும் காணாது செல்வது தெருத் திண்ணைகளில் நடைபெறும் பனையோலைத் தொழிலை. ஆண்கள் கடலுக்குச் செல்ல, பெண்கள் ஓலை முடைகின்றனர். ஓலை கடற்கரையினது அன்று. உள்ளே செந்தேரிக் காட்டிலிருந்து வருவது. பனையேறியின் மரமும் பரதவர் வீட்டு விரலும் சேர்ந்தே ஒரு பெட்டி உருவாகிறது. திணை மயக்கத்திற்கு உரைநூலில் எடுத்துக்காட்டுத் தேடுவோர் இத்திண்ணையில் அமரலாம்.

குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டியவற்றைச் சாயத்தில் கொதிக்கவிட்டு உலர்த்த வேண்டும். நகைப்பெட்டியும் கைப்பையும் இதில் பிறக்கும். முற்றிய சாரோலை கடகத்திற்கும் பாய்க்கும் ஆகும். வார்வதில் நூலளவு பிசகினாலும் பெட்டியின் வாய் கோணிவிடும், மூடி பொருந்தாது.

என் பெரியம்மா அவ்வூரில் நாற்பதாண்டுகள் ஓலை முடைந்தவர். அவரைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினேன். நம் வட்டத்தின் இரண்டாம் தொகுப்பில் அது இடம்பெற்றது. சிலர் பாராட்டவும் செய்தீர்கள். அதில் உச்சி வெயிலில் அவர் முடைந்துகொண்டிருப்பார். கடல் அவர் விரலைப் பார்த்து அலை மடிக்கக் கற்றுக்கொள்ளும். தொகுப்பை எடுத்துச் சென்று படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"உச்சி வெயில்ல ஓலை ஒடிஞ்சி போகுமே மக்கா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். விடியலின் பனி ஈரத்திலோ, பொழுது சாய்ந்த பின்போதான் ஓலை வளைந்து கொடுக்கும். மற்ற நேரத்தில் ஈரத் துணியில் பொதிந்து வைக்க வேண்டும். சிறு வயது முதல் அத்திண்ணையில் உண்டு உறங்கி வளர்ந்த நான் இதைக் கண்டிருக்கவில்லை. ஓலை விளிம்பு அறுத்த தழும்புகள் அவ்விரல்களில் இருந்தன. என் கவிதையில் இல்லை.

அதன்பின் அவர் என்னைப் புறவாசலுக்கு அழைத்துச் சென்றார். மணலில் ஊற்றும் நீர் நில்லாது; அதனால் குழியின் அடியில் தேங்காய் மட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மண்ணும் சாணமும் இட்டிருந்தார். காற்று வரும் பக்கத்தில் ஓலைத் தட்டி. கிழிந்துபோன கடகங்களில் நாற்று வளர்ந்தது. கடகத்தோடு குழியில் இறக்கிவிட்டால் ஓலை மக்கும், வேர் வெளியே வரும். முருங்கைக்கு மீன் கழுவிய நீர். ஆனால் கருவாடு ஊறிய நீரை ஒருபோதும் ஊற்றமாட்டார். உப்பு வேரைக் கொன்றுவிடும். கடல் சீறிப் படகு இறங்காத நாள்களில் அம்முருங்கைக் கீரையும் ஓலைப்பெட்டிக் கூலியுமே அவ்வீட்டில் உலையேற்றின.

மனநலம் என்னும் சொல் இன்று பெரிதும் வழங்குகிறது. கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை என்ன செய்வீர்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறேன். நாலைந்து பேராகக் கூடி முடைவோம், கணக்குத் தவறக்கூடாது அல்லவா, மனம் அங்கே இங்கே ஓடாது என்றார். இதைக் கைத்தொழிலின் மருத்துவக் குணம் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. முதுகு வலியும் கண் மங்கலும் அதே தொழில் தந்தவை. கூலியோ விரலின் வேகத்துக்கு ஒருநாளும் ஈடாக இருந்ததில்லை.

ஞெகிழிப் பைகளும் ஒயர்க் கூடைகளும் வந்தபோது இத்தொழில் நலிந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தபோது ஓலைப்பெட்டிக்கு மீண்டும் காலம் வரும் என்று நம்பினோம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்ற ஆணையும் 2021இல் வந்தது. நல்லவையே. ஆயினும் மரம் நின்றால் போதாது. ஏறிக் குருத்து வெட்ட ஆள் வேண்டும், முடைய இளைய விரல்கள் வேண்டும். பெரியம்மாவின் பெண்மக்கள் இருவரும் முடையக் கற்கவில்லை. அவரே கற்பிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, விடை தெரிந்ததே.

இவ்விழாவை ஒட்டி நம் தொகுப்புகளை மறுபதிப்புச் செய்யும் எண்ணம் இருப்பதாகச் செயலாளர் கூறினார். இரண்டாம் தொகுப்பிலுள்ள என் கவிதையிலிருந்து 'உச்சி வெயில்' என்ற சொற்களை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அலை கற்றுக்கொள்ளும் வரியையும் நீக்கிவிடலாம். எஞ்சுவது கவிதையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்; அன்று எனில் முழுவதையும் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

பெரியம்மா இப்போது முடைவதில்லை. காலையில் மீன் கழுவிய நீரை மட்டும் சுவரைப் பிடித்தபடி கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றிவிட்டு வருகிறார்.