கேண்டர்: ஒரு சொல்லின் இரண்டு பாதிகள்

(சபையின் ஆண்டு நிறைவையொட்டிய குடும்ப ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு உங்கள் முன் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து வைக்கப் போகிறேன். தமிழ்ச் சபையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கலாம். இந்தச் சொல்லின் கதை நம்முடைய வீடுகளில் நடக்கிற ஒரு விஷயத்தைத் தொடுகிறது. அதனால்தான்.

சொல் இதுதான்: கேண்டர். 'கேண்டிட்' என்பது அதே குடும்பம். இந்தச் சொல் உங்களுக்குப் புதிதல்ல. நம்முடைய கலியாண வீடுகளில் புகைப்படக்காரர் வந்தவுடன், "கேண்டிட் போட்டோவும் வேண்டும்" என்று சொல்கிறோம். வரிசையில் நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லி எடுப்பது ஒரு வகை. மாமா சாப்பிடுகிறபோது, மணப்பெண் கண்ணைத் துடைக்கிறபோது, அவர்களுக்குத் தெரியாமல் எடுப்பது கேண்டிட். வேஷம் இல்லாத முகம். ஒருவர் கேண்டிடாகப் பேசுகிறார் என்றால், மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறார் என்று பொருள். இது இன்றைய அர்த்தம்.

ஆனால் சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவரைக் கேண்டிட் என்று சொன்னால், அநேகமாக வேறொன்றையே நினைத்திருப்பார்கள். பிறரைப் பற்றி நல்லதை நினைக்கிறவர், யாருடைய பேச்சையும் செயலையும் நல்ல விதமாகவே எடுத்துக்கொள்கிறவர் என்று. ஒரே சொல்தான். அது எப்படி இப்படி மாறியது?

ஆரம்பத்துக்குப் போவோம். லத்தீன் மொழியில் 'கண்டேரே' என்றால் ஒளிவிடுதல், வெண்மையாகப் பிரகாசித்தல். அதிலிருந்து 'கண்டிடுஸ்', பளிச்சென்ற வெள்ளை. மெழுகுவர்த்தியைக் குறிக்கும் 'கேண்டில்' என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. அது கிறிஸ்தவத்தோடு இங்கிலாந்துக்குள் வந்த பழைய லத்தீன் சொற்களில் ஒன்று. கூரையில் தொங்குகிற சரவிளக்கை 'ஷாண்டலியர்' என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான்.

பிள்ளைகளே, ஓர் ஆச்சரியம் சொல்லட்டுமா? வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'சந்திரன்' என்ற சொல்லும், இந்தக் 'கேண்டில்' என்ற சொல்லும் தூரத்துச் சொந்தக்காரர்கள். லத்தீனும் வடமொழியும் ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்தவை. 'ஒளிவிடு' என்ற பொருளுள்ள ஒரே பழைய வேரிலிருந்து இரண்டு சொற்களும் கிளைத்தன என்று மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் வகுப்பில் சந்திரன் என்று ஒரு பையன் இருந்தால், அவனுக்குக் கேண்டில் மச்சான் முறை!

ரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் தங்கள் மேலங்கியைச் சுண்ணாம்புத் தூளால் வெளுத்து, பளிச்சென்று உடுத்திக்கொண்டு மக்களிடம் போவார்கள். வெள்ளை உடுத்தியவர் என்ற பொருளில் அவரை 'கண்டிடாட்டுஸ்' என்றார்கள். தேர்தலில் நிற்கிறவரைக் 'கேண்டிடேட்' என்று சொல்கிறோமே, அது இதுதான். வெள்ளை வேட்டி அரசியல் நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல! ஆனால் சுண்ணாம்பு மேலே பூசுவது. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு, வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் மலையின்மேல் இயேசு மறுரூபமானார். அப்போது அவருடைய வஸ்திரம் எவ்வளவு வெண்மையாய் இருந்தது என்று சொல்வதற்கு லத்தீன் வேதாகமம் இந்தக் 'கண்டிடுஸ்' என்ற சொல்லைத்தான் கையாளுகிறது. காலை ஆராதனையில் பாடப்படுகிற 'தே தேயும்' என்ற பழைய துதிப்பாட்டின் லத்தீன் மூலத்தில், இரத்தசாட்சிகளின் சேனைக்கும் வெண்ணுடை தரித்தது என்ற பொருளில் இதே சொல்தான். அரசியல்வாதி பூசிக்கொண்ட வெண்மையும், உயிரைக் கொடுத்தவர்களின் வெண்மையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

உடுப்பின் வெண்மையைச் சொன்ன சொல், மெல்ல உள்ளத்தின் வெண்மையைச் சொல்லத் தொடங்கியது. நமக்கு இது புரியாததல்ல. நாமும் 'வெள்ளை மனசு', 'வெள்ளந்தி' என்று சொல்கிறோம். வெள்ளை, வெள்ளி, வெளிச்சம் எல்லாம் தமிழில் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

1755ஆம் ஆண்டு சாமுவேல் ஜான்சன் தம்முடைய பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்டார். லண்டனில் ஃப்ளீட் தெருவுக்கு அருகே, காஃப் சதுக்கத்தில் அவர் அதைத் தொகுத்த வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த அகராதியில் 'கேண்டிட்' என்ற சொல்லுக்கு, வெண்மை என்ற பொருள் மிகவும் அருகிவிட்டது என்று குறித்துவிட்டு, வேறு பொருள்களைத் தருகிறார். அவற்றுள் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். வன்மம் இல்லாமை ஒன்று. வஞ்சகம் இல்லாமை மற்றொன்று.

வன்மம் இல்லாதவர் பிறருக்குத் தீங்கு நினைக்கமாட்டார். வஞ்சகம் இல்லாதவர் எதையும் மறைத்து ஏமாற்றமாட்டார். முதலாவது அன்பு. இரண்டாவது உண்மை. அந்த நாளில் ஒரே சொல் இரண்டையும் சுமந்தது.

பிறகு அந்தச் சொல் தேய ஆரம்பித்தது. 1777இல் ஷெரிடன் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகம் லண்டனில் மேடையேறியது. ஊர் வம்பு பேசுகிறவர்களைக் கேலி செய்யும் நாடகம். அதில் ஒரு பெண்மணிக்கு அவர் வைத்த பெயரே மிஸஸ் கேண்டர். அந்த அம்மா யாரையும் நேரடியாகக் குறை சொல்லமாட்டார். "ஐயோ பாவம், அந்தப் பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் இப்படிப் பேசுகிறார்கள், நான் நம்பவே இல்லை" என்ற பாணியில், பரிதாபப்படுகிறவர் போலவே எல்லா வம்பையும் பரப்பிவிடுவார். மிஸஸ் கேண்டரை நாம் எங்கேயாவது பார்த்திருக்கிறோமா? பதில் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

1798இல் ஜார்ஜ் கேனிங் என்பவர் ஓர் அங்கதக் கவிதையில், எதிரியைக்கூடச் சமாளித்துவிடலாம், இந்தக் 'கேண்டிட்' நண்பனிடமிருந்து என்னைக் காப்பாற்றும் என்று வானத்தை நோக்கி வேண்டினார். பின்னாளில் அவர் இந்த நாட்டின் பிரதமராகவும் ஆனார். நட்பின் பெயரால் குத்துகிற ஆளைத்தான் அவர் சொன்னார்.

ஆனாலும் பழைய நல்ல பொருள் உடனே சாகவில்லை. போதகரின் மகளாகிய ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், எலிசபெத் தன் அக்கா ஜேனிடம் இந்தச் சொல்லைப் பற்றியே பேசுகிறாள். கேண்டர் இருப்பதுபோலக் காட்டிக்கொள்கிறவர்கள் எங்கும் உண்டு, ஆனால் எல்லாரிடமும் உள்ள நல்லதை எடுத்து அதை இன்னும் நல்லதாக்கி, கெட்டதைப் பேசாமல் விடுகிற கேண்டர் உன்னிடம்தான் இருக்கிறது என்பது அவளுடைய கருத்து. இன்றைய பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படித்தால் குழம்புவார்கள். கேண்டிட் என்றால் உள்ளதை உள்ளபடி சொல்வது அல்லவா, கெட்டதைச் சொல்லாமல் விடுவது எப்படிக் கேண்டிட் ஆகும்? காரணம் இதுதான். அன்றைக்கு இருந்த பாதி பிறகு உதிர்ந்துவிட்டது. வன்மம் இல்லாமை மறைந்து, மறைவு இல்லாமை மட்டும் மிஞ்சியது.

மிஞ்சிய பாதியும் சின்னதல்ல. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட பாடுகளைப் பற்றி 2013இல் வெளிவந்த விசாரணை அறிக்கைக்குப் பின், இங்கிலாந்தில் ஒரு சட்டக் கடமை வந்தது. அதன் பெயரே கேண்டர் கடமை. 2014 நவம்பர் முதல் என்.எச்.எஸ். மருத்துவமனைகளுக்கு அது பொருந்தும். சிகிச்சையில் ஏதோ தவறி ஒருவருக்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டால், அதை அவரிடம் அல்லது குடும்பத்தாரிடம் நேரில் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் தர வேண்டும். நம் சபையில் மருத்துவமனைகளில் வேலை செய்கிற சகோதர சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மறைத்தால் காயத்தின்மேல் இன்னொரு காயம் என்பதை ஒரு நாடே பாடுபட்டுக் கற்றுக்கொண்டது.

இப்போது நம்முடைய வீட்டுக்கு வருவோம். உடைந்துபோன இந்தச் சொல்லின் ஒரு பாதி பிள்ளைகள் கையிலும், மறுபாதி பெற்றோர் கையிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கே வளர்ந்த பிள்ளைகள் மனதில் உள்ளதைச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அதைக் கற்றுக்கொடுக்கிறது. "இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்." "பிரசங்கம் எனக்குப் புரியவில்லை." பெரியவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகக் கேட்கிறது. பெரியவர்கள் நாமோ மறைக்கப் பழகியவர்கள். வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லமாட்டோம். வேலை போனால் சொல்லமாட்டோம். மகனுக்கு மன அழுத்தம் என்றால் கூடவே கூடாது. "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" சபைக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் பேசுவோம்.

பெரியவர்களின் மௌனத்தில் அன்பு இல்லை என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். பல நேரம் அது பிறர் மனம் நோகக்கூடாது என்ற கரிசனை. பிள்ளைகளின் நேர்ப்பேச்சில் மரியாதை இல்லை என்று பெரியவர்களும் நினைக்க வேண்டாம். பல நேரம் அது உங்கள்மேல் உள்ள நம்பிக்கை. நம்பாதவர்களிடம் யார் மனதைத் திறப்பார்கள்? ஆனாலும் பாதி பாதிதான். அன்பில்லாத நேர்மை கத்தியாகும். நேர்மையில்லாத அன்பு திரைச்சீலையாகும்.

இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தை எங்கே பார்க்கலாம்? யோவான் சுவிசேஷம் முதலாம் அதிகாரத்துக்குத் திருப்புங்கள். நாத்தான்வேல் கானா ஊரைச் சேர்ந்தவன். நாசரேத்தும் அதே கலிலேயாவில், அதிக தூரமில்லாத ஊர். பிலிப்பு வந்து நாசரேத்தூர் இயேசுவைப் பற்றிச் சொன்னவுடன், அந்த ஊரிலிருந்து நல்லது எதுவும் வருமா என்று பட்டென்று கேட்டுவிட்டான். அடுத்த ஊர்க்காரரை இளப்பமாகப் பேசுவது நமக்கும் தெரியாததல்லவே! அது தவறான எண்ணம்தான். ஆனால் அவன் அதை மறைக்கவில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னான். "வந்து பார்" என்றவுடன் வந்தும் பார்த்தான்.

இயேசு அவனைக் கண்டதும் என்ன செய்தார்? "என் ஊரையா பழித்தாய்?" என்று கேட்கவில்லை. இவனிடத்தில் கபடமே இல்லை என்றார். அவன் சொன்ன கடுஞ்சொல்லைத் தாண்டி, அதற்குள் இருந்த கள்ளமற்ற உள்ளத்தைப் பார்த்தார். இன்றைய பொருளில் நாத்தான்வேல் கேண்டிட். பழைய பொருளில் இயேசு கேண்டிட். இரண்டும் சந்தித்தவுடன் என்ன நடந்தது? கடுமையாகப் பேசிய அதே வாய், நீர் தேவனுடைய குமாரன் என்று அறிக்கையிட்டது.

எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் சபைக்குச் சொல்வதும் இதைத்தான். உண்மையும் அன்பும் சேர்ந்து போகிற சபைதான் கிறிஸ்துவுக்குள் வளரும்.

ஆகவே இந்த ஆண்டு நிறைவில் எல்லாருக்கும் ஒவ்வொரு வேலை. பிள்ளைகளே, உண்மையைச் சொல்லுங்கள். அதை நிறுத்தாதீர்கள். ஆனால் சொல்வதற்கு முன், கேட்கப் போகிற அம்மாவை, அப்பாவை, தாத்தா பாட்டியை நல்ல விதமாக ஒருமுறை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை ஒன்றைச் சொல்ல வரும்போது, முதல் வார்த்தையிலேயே குற்றம் பிடிக்காமல் கடைசி வார்த்தைவரை கேளுங்கள். உங்கள் கஷ்டத்தையும் அவர்களுக்குத் தாங்கும் அளவுக்குச் சொல்லுங்கள். சபையாரே, கார் நிறுத்துமிடத்தில் சொல்வதைக் கூட்டத்திலேயே சொல்வோம். கூட்டத்தில் சொல்ல முடியாத அளவுக்கு அது கடுமையாக இருந்தால், அந்த ஆளிடம் தனியே போய் அன்பாகச் சொல்வோம்.

அங்கியைச் சுண்ணாம்பால் வெளுக்கலாம், மழை பெய்தால் போய்விடும். உள்ளத்தை வெண்மையாக்குகிறவர் ஆண்டவர் ஒருவரே. வன்மமும் வஞ்சகமும் இல்லாத இருதயத்தை அவர் நமக்கும், நம் பிள்ளைகளுக்கும், இந்தச் சபைக்கும் தந்தருளுவாராக. ஆமென்.